பயம் போன நரி, வீட்டுக்குப் பழகிய நரியா? நோவோசிபிர்ஸ்க் பண்ணை: ஒரு நிகழ்வு ஆய்வு

சைபீரியாவில் நோவோசிபிர்ஸ்க் நகரை ஒட்டிய ஒரு பண்ணையில் 1959-இல் தொடங்கி 60 ஆண்டுகளுக்கும் மேலாக நரிகளை ஒரே ஒரு குணத்துக்காகத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கி வந்திருக்கிறார்கள். மனிதர் கையை நீட்டினால் ஓடாமல், கடிக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் குணம். நரியை நாய்போல வளர்க்க முடியுமா என்ற கேள்விக்கு இவ்வளவு நீண்ட சோதனை வேறெங்கும் நடந்ததில்லை. நரி வளர்க்க ஆசைப்படுகிறவரும் இதைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார், வேண்டாம் என்கிறவரும் இதைத்தான் இழுக்கிறார். அந்தப் பண்ணையில் எதைச் சோதித்தார்கள், எதைச் சோதிக்கவே இல்லை என்று பிரித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

முதலில் விலங்கு எது என்பதைச் சொல்லிவிடலாம். இங்கே பேசுவது செந்நரியைப் பற்றி, குள்ளநரியைப் பற்றி அல்ல. பண்ணையில் இருந்தவை வெள்ளிநரிகள், அதாவது செந்நரியின் கருநிற வகை. குள்ளநரி நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய உறவு. செந்நரி அந்தக் குடும்பத்தில் சற்றுத் தள்ளிய கிளை. நாய்க்கு 78 குரோமோசோம்கள் என்றால் செந்நரிக்கு 34-தான், அதோடு சில துணுக்குக் குரோமோசோம்கள். இரண்டையும் சேர்த்துக் கலப்பினம் உண்டாக்க முடியாது. ஆகவே, "நரியும் ஒருவகை நாய்தானே" என்று தொடங்கும் எந்த யோசனையும் முதல் படியிலேயே சறுக்கிவிடும்.

சோதனை நடந்த விதம்

சோதனையைத் தொடங்கியவர் திமீத்ரி பெல்யாயெவ் என்ற மரபியலாளர். சோவியத் நாட்டில் மரபியல் பேசுவதே ஆபத்தாக இருந்த காலம் அது. மரபியலாளரான அவருடைய அண்ணன் 1937-இல் கொல்லப்பட்டார். பெல்யாயெவும் 1948-இல் பதவி இழந்தார். பிறகு நோவோசிபிர்ஸ்க் போய், லுத்மிலா த்ரூத்துடன் சேர்ந்து நரிகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார். 1985-இல் அவர் இறந்த பிறகு ஆய்வை நடத்திச் சென்றவர் த்ரூத்.

தொடக்கத்தில் எடுத்தவை 30 ஆண் நரிகள், 100 பெண் நரிகள். பெரும்பாலானவை எஸ்தோனியாவில் தோலுக்காக நரி வளர்த்த பண்ணையிலிருந்து வந்தவை. குட்டிக்கு ஒரு மாதம் ஆனதும் சோதனை ஆரம்பம். ஆய்வாளர் ஒரு கையில் உணவை நீட்டிக்கொண்டே மறு கையால் தடவிப் பார்ப்பார். ஒருமுறை கூண்டுக்குள் வைத்து, இன்னொரு முறை பெரிய அடைப்பில் மற்றக் குட்டிகளோடு விட்டு. இரண்டாவதில் குட்டி ஆளிடம் வருகிறதா, கூடப்பிறந்தவற்றிடம் போகிறதா என்று பார்ப்பார்கள். ஆறேழு மாதம் வரை மாதாமாதம் இதே சோதனை. ஏழெட்டு மாதத்தில் பருவம் வந்ததும் தரம் பிரிப்பார்கள். ஓடுவதும் கடிப்பதும் மூன்றாம் தரம். தொட விட்டாலும் முகம் கொடுக்காதது இரண்டாம் தரம். வாலாட்டிச் சிணுங்குவது முதல் தரம். ஆறாம் தலைமுறையில் இதற்கும் மேலே ஒரு தரத்தைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆளைக் கண்டாலே அழைத்து, மோந்து, நக்கும் குட்டிகள் வரத் தொடங்கியிருந்தன. அடுத்த தலைமுறைக்கு விட்டது ஆண்களில் நூற்றுக்கு நாலைந்தை, பெண்களில் ஏறக்குறைய 20-ஐ.

நரிகளுக்குப் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. கூண்டில்தான் வாழ்ந்தன, மனிதர் பழகும் நேரத்தையும் அளந்தே கொடுத்தார்கள். வந்த பழக்கம் பிறவியில் வந்ததா, வளர்ப்பில் வந்ததா என்ற குழப்பம் வரக் கூடாது என்பதற்காக இந்தக் கண்டிப்பு. 1970-இல் இதற்கு நேர்மாறாக, சீறிப் பாயும் நரிகளைத் தேர்ந்தெடுத்து இன்னொரு வரிசையும் தொடங்கினார்கள். சாதுவான தாயின் கருவைச் சீறும் தாயின் கருப்பையில் வைத்துப் பார்த்தபோது, பிறந்த குட்டி வளர்த்த தாயைப்போல அல்லாமல் பெற்ற தாயைப்போலவே நடந்துகொண்டது. காட்டில் எடுத்த குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து மடியில் போட்டு வளர்த்தால் அதுவும் இப்படி ஆகிவிடும் என்று நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அன்பான வளர்ப்பு ஒரு தலைமுறைக்குள் செய்யக்கூடியதற்கு எல்லை உண்டு.

மாறியவை

ஆளைக் கண்டாலே அழைத்து நக்கும் அந்த உயர்தர நரிகள் பத்தாம் தலைமுறையில் நூற்றுக்கு 18, இருபதாம் தலைமுறையில் 35. 1990-களின் இறுதியில் 70 முதல் 80 வரை போயிற்று. சாதாரணப் பண்ணைக் குட்டிக்கு ஆறு வாரத்தில் எட்டிப்பார்க்கும் அச்சம், இவற்றுக்கு ஒன்பது வாரம் கழித்தே வந்தது. இந்தக் கூடுதல் மூன்று வாரங்கள்தான் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் திறவுகோல். புதிய முகம், குரல், வாசனை எல்லாவற்றையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் சன்னல் அந்த அளவுக்கு நீண்டது. இரத்தத்தில் பதற்றத்தின்போது ஏறும் கார்டிகோஸ்டீராய்டு அளவு, 12 தலைமுறைக்குப் பிறகு மற்ற நரிகளில் இருப்பதன் பாதியை ஒட்டிக் குறைந்தது. 28–30 தலைமுறைக்குள் அதிலும் பாதியானது.

2005-இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தக் குட்டிகள், மனிதர் விரலால் சுட்டிய இடத்தில் மறைந்திருக்கும் உணவை நாய்க்குட்டி அளவுக்கே சரியாகக் கண்டுபிடித்தன. 1974-இல் த்ரூத் பண்ணையிலேயே ஒரு சிறு வீட்டில் புஷின்கா என்ற பெண் நரியோடு வசித்துப் பார்த்தார். ஈன்ற நரி பிறரைக் குட்டிகளின் பக்கம் அண்டவிடாது. புஷின்காவோ பிறந்த குட்டியைக் கவ்விக்கொண்டு வந்து த்ரூத்தின் காலடியில் வைத்தது. இரவில் அந்நியர் வந்தபோது குரைத்தது. இவை சாதாரணச் செய்திகள் அல்ல.

தொங்கிய காது, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, சுருண்ட வால் ஆகியவையும் சேர்ந்தே வந்தன என்று பாடப் புத்தகங்கள் சொல்வதுண்டு. இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். எஸ்தோனியப் பண்ணை நரிகளின் வம்சம் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பண்ணைகளுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே எடுத்த பழைய படங்களிலேயே வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன. அதாவது, 1959-இல் பெல்யாயெவ் கையில் எடுத்தவை காட்டு நரிகள் அல்ல. ஏற்கெனவே பல பத்தாண்டுகள் கூண்டில் பெருகியவை. அவ்வளவு முன்தூரம் கடந்துவந்த நரிகளிலேயே பயம் விலக இத்தனை தலைமுறை பிடித்தது.

யாரும் சோதிக்காதவை

சோதனையில் மதிப்பெண் பெற்றது கையை நோக்கி வரும் குணம் ஒன்றுதான். எங்கே சிறுநீர் கழிக்கிறது, தனியாக விட்டால் என்ன செய்கிறது, உணவுத் தட்டருகே கை போனால் விடுகிறதா, அழைத்தால் திரும்பி வருகிறதா, கழுத்துப்பட்டையைப் பொறுக்குமா என்பதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. கூண்டில் வாழும் விலங்குக்குக் கழிப்பிடப் பழக்கம் எதற்கு? தேர்ந்தெடுக்காத குணம் தானாக மாறிவிடாது. ஆனால் ஒரு வீட்டில் அன்றாடம் முட்டுவது இவற்றோடுதான்.

சிறுநீரை எடுத்துக்கொள்வோம். நரிக்கு அது கழிவு மட்டுமல்ல, செய்திப் பலகையும்கூட. அதில் கந்தகச் சேர்மங்கள் இருப்பதால் நெடி தூக்கலாக இருக்கும்; மரத்திலும் மெத்தையிலும் ஊறினால் எளிதில் போகாது. மண் பெட்டியில் போகப் பழக்கலாம், பல நரிகள் பழகவும் செய்யும். ஆனால் வயிற்றுச் சுமையை இறக்குவது வேறு, அடையாளம் போடுவது வேறு. புதுப் பை, புதுச் செருப்பு, விருந்தாளியின் உடை, காலி உணவுத் தட்டு என எதன்மீதும் சொட்டுச் சொட்டாக விடும். வால் அடிப்பகுதிக்குச் சற்றுக் கீழே மேல்புறத்தில் ஒரு வாசனைச் சுரப்பி, மலவாயருகே வேறு சுரப்பிகள் என்று உடலே இதற்காக அமைந்திருக்கிறது. இனப்பெருக்கத் தடை அறுவை செய்தால் நெடியும் அடையாளமும் குறையும், ஒழியாது. நோவோசிபிர்ஸ்க் நரிகளை வீட்டு விலங்காக வெளியே விற்றபோது அறுவை செய்துதான் அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் இது தொடர்ந்தது.

அடுத்தது பதுக்கல். பசி தீர்ந்த நரியிடம் ஒரு முட்டையைக் கொடுத்துக் கவனித்தால் நடப்பது இதுதான்: ஓடு உடையாமல் வாயில் ஏந்தி, மூலை மூலையாகச் சுற்றி, ஓரிடத்தில் முன்காலால் பறிக்கும். முட்டையைக் குழிக்குள் வைத்து மூக்கால் அழுத்தும். பிறகு மூக்காலேயே மண்ணைத் தள்ளி மூடித் தட்டிச் சமன் செய்யும். அந்த இடம் சோபாவாக இருந்தால் துணி கிழிபடும், பஞ்சு வெளியே வரும், முட்டை உள்ளே போகும். சில வாரம் கழித்து வீடு நாறும்போதுதான் கண்டுபிடிப்போம். திட்டினால் எதற்குத் திட்டு என்று அதற்குப் புரியாது. அடுத்த முறை ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யும். பதுக்கும் நேரத்தில் வாயிலிருப்பதைப் பிடுங்கப் போகும் கைதான் வீட்டு நரியிடம் பெரும்பாலும் கடிபடும் கை. பிடுங்காமல் அதைவிடப் பிடித்த தின்பண்டத்தைக் காட்டி மாற்றிக்கொள்வது குட்டியிலிருந்தே பழக்க வேண்டிய பாடம்.

முதல் குளிர்காலம்

சாதுவான வரிசையில் வராத நரியிடம் — தோல் பண்ணையில் வாங்கியதோ காட்டில் எடுத்ததோ — ஒரு கால அட்டவணை ஏறக்குறையப் பிசகாமல் வரும். இரண்டு முதல் நான்கு மாதம் வரை மடியை விட்டு இறங்காது. வளர்ப்பவர் வீடியோ எடுத்துத் தள்ளுவது இந்தப் பருவத்தில்தான். ஆறாம் மாதம் தாண்டினால் விலகத் தொடங்கும். காட்டில் இளம் நரிகள் பிறந்த எல்லையை விட்டுப் பிரிந்து போகும் இலையுதிர்காலம் அது. வீட்டில் அது கதவோரம் பிறாண்டுவதாகவும் இரவு முழுக்க நடைபோடுவதாகவும் வெளிப்படும். பத்து மாத அளவில் முதல் இணைசேரும் பருவம். செந்நரிக்கு ஆண்டுக்கு ஒரே பருவம்தான், குளிர்காலத்தில். பெண் நரி இணைசேர இணங்குவது சில நாட்களே. அந்தச் சில வாரங்களில் அலறல், நெடி, சீற்றம் எல்லாம் உச்சத்துக்குப் போகும். வீட்டு நரிகளைப் பிறரிடம் தள்ளிவிடும் பேச்சு வருவதும் அப்போதுதான். குணம் கெட்டுவிட்டது என்று சொல்வார்கள். கெடவில்லை, பெரியதாகிவிட்டது. அவ்வளவுதான்.

அறுவை செய்வதென்றால் இந்த முதல் குளிர்காலத்துக்கு முன்பே, ஏறக்குறைய ஆறு மாத வயதில், நரிக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவரிடம் செய்துவிட வேண்டும்.

அடைப்பு

சாதுவான நரியானாலும் முழுநேரமும் வீட்டுக்குள் வைத்திருக்க முடியாது. வெளியில் அடைப்பு கட்டாயம். ஒரு நரிக்கு 4 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்பதற்குக் கீழே போகக் கூடாது. இரண்டுக்கு இதைப்போல் ஒன்றரை மடங்கு. உயரம் 2 மீட்டருக்கு மேல், மேலே வலைக் கூரை. கூரை போட முடியாவிட்டால் வேலியின் உச்சியில் உட்புறமாக 45 பாகையில் அரை மீட்டர் சாய்வு வலை வேண்டும். நரி தாவுவதோடு நிற்காது, கம்பி வலையில் காலூன்றி ஏறவும் செய்யும். கோழிக்கூண்டு வலையைப் பல்லால் பிரித்துவிடும் என்பதால் பற்றவைத்த கம்பி வலைதான் உதவும்.

தப்பிப்பது பெரும்பாலும் கீழ்வழியாகத்தான். வேலியை ஒட்டி உட்புறமாகத் தரையில் 60 முதல் 90 சென்டிமீட்டர் அகலத்துக்கு வலையைப் படுக்கைவாக்கில் விரித்து, வேலியோடு சேர்த்துக் கட்டி, மேலே மண்ணும் கல்லும் போட வேண்டும். நரி வேலி ஓரத்தில்தான் தோண்டும். அங்கே கால் வலையில் தட்டினால் விட்டுவிடும். செங்குத்தாக மட்டும் புதைத்த வலையைப் பொறுமையாகப் பின்தொடர்ந்து கீழே போய் வெளியே வந்துவிடும். வாசலுக்கு இரட்டைக் கதவு வைக்க வேண்டும். ஒன்றை மூடிய பிறகே மற்றொன்றைத் திறக்க முடிய வேண்டும். உள்ளே தோண்டுவதற்கென்றே தளர்ந்த மண் மேடு, உயர்ந்த மேடை, ஒளிய இரண்டு பெட்டிகள், வெயில் படாத நிழல்.

தப்பிவிட்டால் துரத்தக் கூடாது. துரத்தல் விளையாட்டாகவோ பயமாகவோ மாறும், இரண்டிலும் நரிதான் ஜெயிக்கும். வேலியருகே அதன் படுக்கைத் துணியையும் வழக்கமான உணவையும் வைத்து, அந்தி சாயும் முன் கூண்டுப்பொறியை அமைத்துவிட்டு விலகி இருப்பதே வழி. கூண்டுப்பொறியை முன்கூட்டியே வாங்கி, அதற்குள் வைத்தே அவ்வப்போது உணவு கொடுத்துப் பழக்கியிருந்தால் வேலை சுலபம். தோலுக்கடியில் அடையாளச் சில்லு இருக்கட்டும். பயம் போன நரி வண்டிக்கும் வேட்டை நாய்க்கும் பயப்படாது என்பதால் வெளியே அதன் ஆயுள் குறைவு.

உணவில் நேரும் தவறு

நரி எதையும் தின்னும் என்பது உண்மை. எதைக் கொடுத்தாலும் போதும் என்பது பொய். பச்சை மீனால் வரும் வைட்டமின் பி1 குறைபாட்டுக்கு இன்றும் செஸ்டெக் முடக்கம் என்றுதான் பெயர். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1930-களில் தன் பண்ணை நரிகள் சாவதைக் கண்ட ஒரு பண்ணைக்காரரின் பெயர் அது. கெண்டை போன்ற சில மீன்களின் பச்சைச் சதையில் பி1-ஐச் சிதைக்கும் நொதி இருக்கிறது. தொடர்ந்து கொடுத்தால் நரி முதலில் தின்ன மறுக்கும், பிறகு விறைத்துத் தள்ளாடும், வலிப்பு வந்து ஓரிரு நாளில் செத்துப்போகும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். தின்ன மறுக்கும் கட்டத்தில் மருத்துவர் பி1 ஊசி போட்டால் மீட்டுவிடலாம், வலிப்பு வந்த பிறகு கடினம்.

எலும்பில்லாத வெறும் இறைச்சி இன்னொரு பொறி. அதில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் 15–20 மடங்கு இருக்கும். வளரும் குட்டிக்கு இரண்டும் ஏறக்குறையச் சமமாக, கால்சியம் சற்றே கூடுதலாக வேண்டும். இல்லாவிட்டால் உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொள்ளும், மேடையிலிருந்து குதித்தாலே கால் முறியும். டாரின் என்ற அமினோ அமிலம் குறைந்தால் இதயத் தசை வீங்கித் தளரும் நோய் நரிகளில் பதிவாகியிருக்கிறது. தானியம் மிகுந்த மலிவான நாய் உணவை மட்டுமே கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஐந்தாறு கிலோ எடையுள்ள வளர்ந்த நரிக்கு நாளொன்றுக்கு மொத்தம் 300 முதல் 500 கிராம் போதும். பாதிக்கு மேல் எலும்போடும் உள்ளுறுப்போடும் கூடிய முழு இரை (எலி, கோழிக்குஞ்சு, காடை), மீதிக்கு இறைச்சிப் புரதம் மிகுந்த தரமான நாய் உணவு, வாரம் இரண்டு முட்டை, கொஞ்சம் பழம். வாரம் ஒருமுறை எடை பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்கலாம். குளிருக்கு முன் எடை ஏறுவது இயல்பு, அதற்குப் பயந்து பட்டினி போட வேண்டாம்.

நோயும் சட்டமும்

தடுப்பூசியில் நாயின் அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது. டிஸ்டெம்பர் என்பது நாய்களையும் நரிகளையும் கொல்லக்கூடிய வைரஸ் நோய். நாய்களுக்குப் போடும் உயிருள்ள, வீரியம் குறைத்த டிஸ்டெம்பர் ஊசியே சில நரி இனங்களில் டிஸ்டெம்பர் நோயை வரவழைத்திருக்கிறது. அதனால் உயிருள்ள டிஸ்டெம்பர் வைரஸ் இல்லாத மறுசேர்க்கை வகையை (மரபணுத் தொழில்நுட்பத்தால் செய்த ஊசி) மருத்துவர்கள் விரும்புகிறார்கள். வெறிநோயில் சிக்கல் இதைவிடப் பெரியது. ஐரோப்பாவில் 1978 முதல் காட்டு நரிகளுக்கு இரையில் மறைத்து வாய்வழித் தடுப்பு மருந்து கொடுத்து நோயை விரட்டினார்கள். ஆனால் அமெரிக்கா போன்ற இடங்களில் வீட்டு நரிக்கென்று அங்கீகரித்த ஊசி இல்லை. நாய்க்கான ஊசியைப் போட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது தடுப்பூசி போடாத விலங்கு. கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்கலாம். நரிக்கு அந்த விதி பொருந்தாது. அது யாரையாவது கடித்தால் கொன்று மூளையைச் சோதிக்கச் சொல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு. பிள்ளைகள் வந்துபோகும் வீட்டில் நரியின் உயிர் ஒரு கீறலில் தொங்குகிறது என்று பொருள்.

குடற்புழுக்களில் முக்கியமானது நரி நாடாப்புழு. எலி தின்னும் நரியின் மலத்தில் வரும் அதன் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால், 5 முதல் 15 ஆண்டு வரை சத்தமில்லாமல் கல்லீரலில் வளரும். இந்தப் புழு இருக்கும் வட நாடுகளில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிராசிகுவாண்டெல் என்ற புழு மருந்து கொடுப்பதும், முழு இரையை உறையவைத்த பிறகே கொடுப்பதும் கட்டாயம். சாதாரண உறைபெட்டியின் குளிர் அந்த முட்டையைக் கொல்லாது. −80 பாகை செல்சியஸில் சில நாள் வேண்டும். ஆனால் எலியின் உடலில் இருக்கும் இளம்புழு உறைபெட்டியிலேயே சாகும், நரிக்குத் தொற்றுவது அந்த இளம்புழுதான்.

சட்டம் நாட்டுக்கு நாடு, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் வீட்டு விலங்காக நரி வைத்திருக்கவே கூடாது. காட்டிலிருந்து எடுப்பதைப் பெரும்பாலான இடங்களில் வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. குட்டியைப் பார்க்கும் முன் அனுமதித் தாளைப் பார்ப்பது நல்லது. குட்டியைப் பார்த்துவிட்டால் தாள் கண்ணில் படாது.

முடிவு

வளர்க்க முடியுமா? முடியும். அடைப்பு கட்ட இடம், நரி பார்க்கும் மருத்துவர், அனுமதி, 10 முதல் 14 ஆண்டு ஊரை விட்டு அதிகம் நகராத வாழ்க்கை ஆகிய நான்கும் இருந்தால். வளர்க்கலாமா? வாங்கி வளர்ப்பதற்கு எங்கள் பதில், வேண்டாம். சாதுவான வரிசையின் நரிகூட மனிதரை விரும்பும் நரியே தவிர, வீட்டை விரும்பும் விலங்கு அல்ல. தோல் பண்ணையிலிருந்து மீட்கப்பட்டு, காட்டில் விட முடியாத நரிக்கு இடம் கொடுப்பது மட்டும் வேறு கணக்கு. அங்கே நரியின் மறுவழி சாவுதான். அதற்கும் மேலே சொன்ன நான்கும் வேண்டும். பெரிய காதுள்ள பாலைவன பெனெக் நரி சிறியது என்பதால் எளிது என்று நினைப்பதும் தவறு. எடை ஒன்றரைக் கிலோ அளவிலேயே இருந்தாலும் இரவில் விழிப்பதிலும் தோண்டுவதிலும் குறைவில்லை, வலைக் கண் மட்டும் இன்னும் சிறியதாக வேண்டும்.

இனி, குட்டி ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டவர்களுக்கு. வளைக்கு அருகே தனியாகக் கிடக்கும் குட்டி அநாதையாக இருக்க வேண்டியதில்லை. தாய் குட்டிகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றும் வழக்கம் உண்டு. காயம், ஈ மொய்ப்பு, உடல் சில்லிப்பு எதுவும் இல்லையென்றால் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து, தூரத்தில் விலகி, ஓர் இரவு தாய்க்கு விட்டுப் பார்க்கலாம். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. உடல் சில்லிட்டிருந்தால் முதலில் சூடு, பிறகுதான் பால். குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை அட்டைப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைத்தால், சூடு மிஞ்சும்போது குட்டி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். பசும்பால் வேண்டாம், வயிற்றோட்டம் வந்து நீர் வற்றிவிடும். நாய்க்குட்டிக்கான பால் மாவைக் கரைத்து, குப்புறக் கிடத்தியபடியே கொடுக்க வேண்டும். மல்லாத்திக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குப் போகும். கையுறை போட்டுக்கொண்டு, பேச்சுக் கொடுக்காமல், பெட்டியை இருட்டாக மூடி, வனவிலங்கு மீட்பு மையத்துக்கோ வனத்துறைக்கோ அன்றைக்கே கொண்டு சேர்த்துவிட வேண்டும். மற்ற நரிக்குட்டிகளோடு வளர்ந்தால்தான் அதைத் திரும்பக் காட்டில் விட முடியும். ஒரு வாரம் வீட்டில் கொஞ்சிவிட்டுக் கொண்டுபோனால் அந்த வாய்ப்பு பெருமளவு குறைந்திருக்கும்.